அப்பாவின் ஆம்ப்ளிஃபயரும் ஐந்து கட்டை 'ம்ம்ம்'மும்

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் பாட்டு வருவதற்கு முன்னால் 'ம்ம்ம்ம்...' என்று ஒரு சத்தம் வரும். பாட்டு முடிந்த பிறகும் அது முடியாது. ஸ்விட்சை அணைக்கும்வரை, யாரோ வாயை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் முனகுவதுபோல வந்துகொண்டே இருக்கும். சின்ன வயதில் எனக்கு அது ஒரு சத்தமாகவே தெரிந்ததில்லை. ஃபேன், கடல் காற்று, குக்கர் விசில் மாதிரி அதுவும் வீட்டோடு சேர்ந்தது. ஹாஸ்டல், டிப்ளமோ, சென்னையில் வேலை என்று ஆறு வருடம் வெளியே இருந்துவிட்டு, போன ஜூலையில் ஒரு மாதம் தூத்துக்குடியில் தங்கி வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோதுதான், 'இது என்ன இந்த இரை இரைகிறது' என்று தோன்றியது.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. முன்னால் வால்யூம், பாஸ், ட்ரெபிள், பேலன்ஸ் என்று நான்கு குமிழ்கள். எந்த கம்பெனிப் பெயரும் கிடையாது. 1998-ல் அப்பா மாலத்தீவு நடை முடிந்து வந்த கையோடு, டவுனில் ஒரு கடையில் சொல்லிச் செய்த அசெம்பிள் செட். தூக்கினால் சிமென்ட் மூட்டை கனம். என்னைவிட ஒரு வயது மூத்தது என்பதால் அம்மா அதை 'மூத்தவன்' என்பார். ஸ்விட்ச் போட்டதும் 'ம்ம்ம்' கேட்டால், "மூத்தவன் எந்திரிச்சிட்டான்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

அப்பா தோணி டிரைவராக இருந்தவர். வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். தோணி என்பது எங்கள் பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிப்போகும் மரக்கப்பல். ஒருகாலத்தில் பாய் கட்டி ஓடியது. பிறகு டீசல் எஞ்சின் வந்தது. தோணிக்குத் தலைவர் தண்டல். டிரைவர் என்றால் கீழே எஞ்சின் பக்கத்தில் கிடப்பவர். இருபத்தைந்து வருடம் அப்பா அப்படித்தான் கிடந்தார்.

2023 டிசம்பர் மழை ஞாபகம் இருக்கும். பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியதே, அந்த மழை. எங்கள் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் வந்தபோது அப்பா முதலில் பரணில் ஏற்றியது மூத்தவனைத்தான். பீரோ சாவி இரண்டாவது. அதற்குப் பிறகு அது பரணிலேயே இருந்துவிட்டது. நான்தான் இறக்கினேன். ஜூலை 26-ல் பனிமய மாதா கோயில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5-ல் பெருவிழா. திருவிழா நேரத்தில் வீட்டில் பாட்டு ஓடாமல் இருந்தால் அது திருவிழா மாதிரியே இருக்காது. ஆபீஸ் லேப்டாப்பை ஒரு ஒயரில் ஆம்ப்ளிஃபயருடன் மாட்டினேன். 'ம்ம்ம்' வந்தது. இந்தமுறை அதோடு ஒரு 'உர்ர்ர்' சேர்ந்து வந்தது.

அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா வீட்டைத் துடைத்துக்கொண்டே வந்தவர், ஈரத் துணியோடு பெட்டியின் மேல் கை வைத்தார்.

"ஆத்தாடி!"

துணி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். "சுர்ருன்னு இழுக்குட்டி" என்றார், கையை உதறிக்கொண்டே. நான் செருப்புப் போட்டுக்கொண்டு விரலின் பின்பக்கத்தால் லேசாகத் தொட்டுப் பார்த்தேன் (இதை நீங்கள் செய்யாதீர்கள், நான் செய்தது முட்டாள்தனம்). எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அது எப்பவும் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

எனக்கு வயிறு கலங்கியது அந்த 'எப்பவும்' என்ற வார்த்தையில்தான்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிளக்கைத் திறந்து பார்த்தேன். மூன்று பின் பிளக். மேலே தடிமனாக, நீளமாக ஒரு பின் இருக்குமே, அதுதான் எர்த். அதில் மாட்டியிருக்க வேண்டிய பச்சை ஒயர் வெட்டப்பட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றி மடக்கி வைக்கப்பட்டிருந்தது.

"யாருப்பா வெட்டுனது?"

"நாந்தான். உனக்காகத்தான் வெட்டுனேன்."

கதை இதுதான். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, 2010-ல், எனக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதை ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் பாட்டைவிட இரைச்சல் அதிகம் வந்தது. சவுண்ட் சர்வீஸில் வேலை பார்த்த தெரிந்தவர் ஒருவர், "எர்த் ஒயரை வெட்டி விடுங்க, சத்தம் போயிரும்" என்றாராம். வெட்டினார்கள். சத்தமும் முக்கால்வாசி போய்விட்டது. வைத்தியம் பலித்ததால் எல்லோரும் மறந்தும் போனோம். அந்தக் கம்ப்யூட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. வெட்டிய ஒயர் மட்டும் வெட்டியபடியே இருந்திருக்கிறது.

பச்சை ஒயர் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. ஆம்ப்ளிஃபயரின் உடம்பு தகரம். உள்ளே 230 வோல்ட் ஒயர் ஒன்று நாள்பட்டு உரிந்து தகரத்தில் பட்டுவிட்டால், எர்த் இருக்கும் வீட்டில் மின்சாரம் அந்தப் பச்சை ஒயர் வழியே பெரும் வேகத்தில் மண்ணுக்கு ஓடும், ஃபியூஸ் போகும், நமக்கு அன்றைக்குப் பாட்டு இல்லை, அவ்வளவுதான். எர்த் இல்லாத வீட்டில் ஒன்றுமே நடக்காது. பெட்டி பார்க்க நன்றாகவே இருக்கும், பாட்டும் பாடும், யாராவது ஈரக் கையோடு வெறுங்காலில் வரும்வரை. பதினைந்து வருடமாக எங்கள் வீட்டில் அம்மாதான் தினமும் ஈரத் துணியோடு வெறுங்காலில் வருகிறவர்.

மறுநாள் மூத்தவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடையில் இப்போது எல்.இ.டி டிவியும் இன்வெர்ட்டர் போர்டுகளும்தான் குவிந்து கிடக்கின்றன. அண்ணாச்சி பெட்டியைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"2N3055 செட்டா? இதெல்லாம் பாத்து எத்தனை வருசமாச்சு. என்ன கம்ப்ளைன்ட்டு பாப்பா?"

"ஹம்மிங் அடிக்கு அண்ணாச்சி. தொட்டா ஷாக்கும் அடிக்கு."

"ரெண்டும் வேற வேற நோயா, ஒண்ணான்னு பாப்போம்" என்றார். அடுத்த ஒரு மணி நேரம் நான் கற்றுக்கொண்டதை என் ஆபீஸில் எந்த டிரெயினிங்கிலும் கற்றுக்கொண்டதில்லை. அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. முதலில் காதால்தான் பார்த்தார்.

ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் ஆன் செய்து, காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். லேசாக ஒரு முனகல். "இது டிரான்ஸ்ஃபார்மர் தகடு அதிர்றது. எல்லா டிரான்ஸ்ஃபார்மரும் இப்படி அதிரத்தான் செய்யும். போல்ட்டை இறுக்கி, அடியில ரப்பர் வாஷர் போட்டா அடங்கும்." தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இரைவதும் இதே காரணத்தால்தான். காந்தமேறும்போது இரும்புத் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீண்டு சுருங்கும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று தகடு இரண்டு தடவை அசைகிறது. ஆக நொடிக்கு 100 அசைவு.

பிறகு ஸ்பீக்கரை மாட்டி, பின்னால் எந்த ஒயரும் இல்லாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்தார். 'ம்ம்ம்' வந்தது. வால்யூமைக் கூட்டினார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அப்போ இது வால்யூமுக்குப் பின்னாடி உள்ள சீக்கு. கெபாசிட்டர் காஞ்சு போச்சு." அடுத்து வால்யூமை முழுக்க வைத்தார். அதன்மேல் இன்னொரு மெல்லிய இரைச்சல் ஏறியது. "இது வால்யூமுக்கு முன்னாடி. எவனோ ஒயரைத் தப்பா இழுத்திருக்கான்."

கடைசியாக அவருடைய போனை ஒயரில் மாட்டிப் பாட்டுப் போட்டார். நான் சொன்ன 'உர்ர்ர்' வரவே இல்லை. தொட்டுப் பார்த்தார், ஷாக்கும் இல்லை.

"பாதி நோய்தான் பெட்டியில இருக்கு பாப்பா. மீதி உங்க வீட்டுல இருக்கு."

நடுவில் ஒரு சின்ன விஷயம். அந்த 'ம்ம்ம்' எந்தச் சுருதி என்று பார்க்கும் ஆசையில் போனில் ஒரு இலவச ஆப்பைத் திறந்து பிடித்தேன். 100 ஹெர்ட்ஸில் கோபுரம் மாதிரி ஒரு கோடு நின்றது. ஐந்து கட்டை என்பது 98 ஹெர்ட்ஸ், ஐந்தரைக் கட்டை சுமார் 104. பெண் பாடகிகள் பலர் பாடுகிற ஐந்து கட்டைக்குக் கீழ் ஸ்தாயியில், கொஞ்சம் தூக்கலாக, எங்கள் மூத்தவன் ஆதார ஷட்ஜம் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் மட்டும் இல்லை. 2013 டிசம்பர் 31-ல் தென்னக மின்தொகுப்பை மற்ற பகுதிகளோடு ஒரே தொகுப்பாக இணைத்த பிறகு, தூத்துக்குடி அனல்மின் நிலையம் சுழல்வதும் வடக்கே சுழல்வதும் ஒரே தாளத்தில்தான். தூத்துக்குடியிலும் டெல்லியிலும் ஆம்ப்ளிஃபயர் இரைந்தால் ஒரே சுருதியில் இரையும். அமெரிக்காவிலோ கனடாவிலோ இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் மட்டும் சுருதி கூடுதல். அங்கே 60 ஹெர்ட்ஸ் மின்சாரம், ஆகவே 120-ல் முனகும்.

அண்ணாச்சி மூடியைக் கழற்றினார். கழற்றியதும் முதல் வேலையாக ஒரு பழைய குண்டு பல்பின் இரண்டு ஒயர்களைப் பெரிய கெபாசிட்டர்களின் காலில் வைத்து எடுத்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்குமாம். "இது தெரியாமத்தான் பல பேர் கையைச் சுட்டுக்கிட்டான்."

கெபாசிட்டர் செய்யும் வேலையை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும் சேர்ந்து தரும் மின்சாரம் அலை அலையாக வரும். கெபாசிட்டர் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மோட்டார் விட்டு விட்டு ஊற்றினாலும் குழாயில் தண்ணீர் ஒரே சீராக விழும். தொட்டி வற்றிவிட்டால் மோட்டாரின் துடிப்பு அப்படியே குழாயில் தெரியும். அந்தத் துடிப்புதான் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்'. எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் ஈரமான ஒரு கலவை இருக்கிறது. வெப்பத்தில் அது வருடக்கணக்கில் காய்கிறது. எங்களுடையவை 4,700 மைக்ரோஃபாரட், இரண்டு. ஒன்றின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. அதே அளவில், 63 வோல்ட் தாங்கக்கூடிய புதியவை போட்டார். இரண்டும் சேர்த்து ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

இரண்டாவது நோய்க்குக் காரணம் யு.எஸ்.பி போர்டு. கேசட் காலம் முடிந்ததும், பென் டிரைவ் போட்டுக் கேட்பதற்காக அப்பா யாரிடமோ சொல்லி வைத்தது. இடம் இருக்கிறதே என்று அதை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே ஒட்டி, சாதாரண ஒயரில் இழுத்திருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் காந்தப் புலம் கசியும். பக்கத்தில் போகிற மெல்லிய சிக்னல் ஒயர் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். அண்ணாச்சி போர்டை எதிர்மூலைக்கு மாற்றி, வலை சுற்றிய ஷீல்டு ஒயர் போட்டார். அதன்பிறகு செய்ததுதான் வேடிக்கை. டிரான்ஸ்ஃபார்மரின் போல்ட்டைத் தளர்த்தி, செட்டை ஓடவிட்டபடியே, ஒரு பிளாஸ்டிக் குச்சியால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். ஒரு கோணத்தில் இரைச்சல் கூடியது, இன்னும் கொஞ்சம் திருப்பியதும் சட்டென்று அடங்கியது. பழைய காலத்து டிரான்சிஸ்டரில் ஏரியலைத் திருப்பி ஸ்டேஷன் பிடிப்பதுபோல, இவர் ஸ்டேஷன் இல்லாத இடத்தைப் பிடித்தார். அந்தக் கோணத்தில் புது ஓட்டை போட்டு, ரப்பர் வாஷரோடு இறுக்கினார். இங்கும் அங்கும் தகரத்தில் பற்றவைத்திருந்த கிரவுண்ட் ஒயர்களை எல்லாம் எடுத்து, இரண்டு கெபாசிட்டர்களும் சேருகிற ஒரே இடத்தில் வைத்து ஈயம் வைத்தார்.

மெதுவடை மாதிரி வட்டமாக இருக்குமே, அந்த டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் இன்னும் நன்றாக இருக்குமா என்று, இன்டர்நெட்டில் படித்த திமிரில் கேட்டேன். "இருக்கும். இதுவே நல்லாத்தானே இருக்கு, ஏன் காசைக் கரைக்க?" என்றார்.

கடைசியில், பிளக்கைத் திறந்து வெட்டிய பச்சை ஒயரை எடுத்துக் காட்டினார். "நான் இதை இப்ப மாட்டித்தான் தருவேன். மாட்டுனா உங்க வீட்டுல திரும்பச் சத்தம் வந்தாலும் வரும். வந்தா இதை வெட்டாதீங்க, ஏன் வருதுன்னு பாருங்க. முதல்ல ஒரு எலெக்ட்ரீசியனைக் கூட்டி வீட்டு எர்த்தைப் பாக்கச் சொல்லு."

வீட்டுக்கு வந்து லேப்டாப்பை மாட்டினேன். 'ம்ம்ம்' இல்லை. 'உர்ர்ர்' இருந்தது! லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அந்த நொடியே நின்றது. திரும்பச் செருகினேன், வந்தது. இரைவது ஆம்ப்ளிஃபயர், ஆனால் இரைச்சலைக் கொண்டுவருவது என் சார்ஜர்.

ப்ளூடூத்தில் போட்டிருந்தால் ஒயரே தேவைப்பட்டிருக்காது, இந்தச் சத்தமும் வந்திருக்காது. விஷயமும் தெரியாமலே போயிருக்கும்.

எலெக்ட்ரீசியன் அண்ணன் வந்தார். ஒரு பல்பை ஹோல்டரில் போட்டு, ஒரு ஒயரை ஃபேஸிலும் இன்னொன்றை எர்த்திலும் செருகினார். எர்த் சரியாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லை. அடுப்படி பிளக், ஹால் பிளக், வாஷிங் மெஷின் பிளக், எதிலும் எரியவில்லை. (இந்தச் சோதனையை அவர் செய்யட்டும், நாம் வேண்டாம்.) பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், எர்த் குழி இருந்த இடத்தைத் தோண்டினார். ஒரு அடி தோண்டியதும் பைப்பின் கழுத்து வந்தது. ஒயரைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டது. நுனியில் ஒட்டியிருந்தது இரும்பு இல்லை, காவி நிறப் பொடி.

வீடு கட்டும்போது எல்லோரையும்போலத்தான் போட்டிருக்கிறார்கள்: சுமார் இரண்டரை மீட்டர் இரும்பு பைப், அதைச் சுற்றி ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து மண்ணில் மின்சாரம் நன்றாகப் பரவ வழி செய்யும். அதே உப்புதான் பைப்பையும் தின்னும். எங்கள் ஊரில் தனியாகக் கொட்டவே வேண்டாம். காற்றில் வருகிறது, நிலத்தடி நீரில் இருக்கிறது, வீட்டுக்கு வடக்கே போனால் உப்பளம்தான். "உப்பு ஊருல உப்பைக் கொட்டி எர்த் போட்டா எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளத்தில் கெட்டதா, அதற்கும் முன்பே போய்விட்டதா என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை.

ஷாக்கின் கணக்கு அப்போதுதான் நேரானது. லேப்டாப் சார்ஜர் போன்றவற்றில், மின்சாரத்தின் கசடை எர்த்துக்கு அனுப்பிவிட உள்ளே சின்னக் கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். வீட்டில் எர்த்தே இல்லாதபோது அந்தக் கசடு போக வழி தெரியாமல் லேப்டாப்பில் நிற்கிறது. அங்கிருந்து ஆடியோ ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயர் தகரத்துக்கு வருகிறது. ஸ்பீக்கர் வழியே கேட்டால் 'உர்ர்ர்', அம்மாவின் ஈரக்கை வழியே போனால் 'ஆத்தாடி'. இது ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் இல்லை. ஆனால் அதே பாதையில் ஒருநாள் வாஷிங் மெஷினின் பழுதான ஒயர் வந்திருந்தால், அதைத் தடுக்க வீட்டில் ஒன்றுமே இருந்திருக்காது. ஃபிரிட்ஜைத் தொட்டால் சில நாள் 'சுணுக்'கென்று இருக்கும் என்று அம்மா சொன்னதை நாங்கள் யாரும் காதில் வாங்கியதில்லை. "குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். டிப்ளமோவில் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடமே, புகார் சொல்பவரின் பேச்சை வெட்டாமல் கேள் என்பதுதான்.

புது எர்த் போட்டார்கள். செம்புப் பூச்சுள்ள ராடு, சுற்றிலும் உப்புக்குப் பதிலாக அதற்கென்றே விற்கிற கலவை, மேலே திறந்து பார்க்கிற மாதிரி ஒரு மூடி. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி ஒன்றும் மாட்டினார்கள். ஃபேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கும். நடுவில் யாருடைய உடம்பு வழியாகவாவது கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அந்த வேலை அம்மாவுடையது. சீரியலுக்கு நடுவே அழுத்திவிட்டு அப்பாவிடம் திட்டு வாங்குகிறார்.

இவ்வளவும் செய்த பிறகு லேப்டாப்பை மாட்டினால், அண்ணாச்சி சொன்னபடியே, மறுபடியும் மெல்லிய இரைச்சல். பழைய 'உர்ர்ர்' இல்லை, வேறு மாதிரி. அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவர் கண் கத்தரிக்கோல் இருக்கும் அலமாரிக்குப் போய் வந்ததை நான் கவனித்தேன்.

இந்தமுறை காரணம் தெரியும். லேப்டாப் ஹாலின் ஒரு சுவரில், ஆம்ப்ளிஃபயர் எதிர்ச் சுவரில். இரண்டுக்கும் தனித்தனி எர்த் ஒயர், நடுவில் ஆடியோ ஒயர். மூன்றும் சேர்ந்து வீட்டைச் சுற்றி ஒரு பெரிய வளையம் ஆகிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்சாரம் பாட்டோடு கலக்கிறது. ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்கி, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே போர்டில் செருகினேன். வளையம் சுருங்கியது, இரைச்சல் நின்றது. 2010-ல் கம்ப்யூட்டருக்கும் இதைத்தான் செய்திருக்க வேண்டும். அப்படியும் அடங்காத வீடுகளுக்கு, ஆடியோ ஒயரின் நடுவில் மாட்டுகிற சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிறது. எர்த் ஒயர் மேல் யாரும் கை வைக்கத் தேவையில்லை.

அன்று சாயங்காலம் அப்பா வந்து உட்கார்ந்தார். ஸ்விட்சைப் போட்டேன்.

"கரன்ட் இல்லையா?" என்றார்.

"ஆன்லதான்ப்பா இருக்கு."

நம்பவில்லை. எழுந்து வந்து சிவப்பு பல்பைப் பார்த்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடுகிறதா என்று தோணியில் அப்படித்தான் பார்ப்பாராம்.

அவருக்குப் பிடித்ததைப் போடலாம் என்று இலங்கை வானொலியின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைத் தேடினேன். நடுக்கடலில் அதைக் கேட்டுக்கொண்டே போன கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். பி.எச்.அப்துல் ஹமீது பேசத் தொடங்கினார். பின்னால் ஒரு துளி இரைச்சல் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் மணி மணியாக விழுந்தது, என் காதில். அப்பா எழுந்துபோய் ட்ரெபிள் குமிழைப் பிடித்தார். அது ஏற்கெனவே கடைசியில் இருந்தது. இன்னும் திருகப் பார்த்தார்.

"என்ன சொல்லுதாரு? முன்ன எல்லாம் எவ்வளவு தெளிவா பேசுவாரு. இப்ப வாய்க்குள்ளயே முழுங்குதாரு."

அது நாற்பது வருடத்துக்கு முந்தைய பதிவு.

அந்தக் குமிழைப் பார்த்தேன். ட்ரெபிளின் கோடு கடைசி எண்ணுக்கு நேரே, பாஸ் பூஜ்யத்தில். எனக்குத் தெரிந்து எப்போதுமே அப்படித்தான் இருக்கும். அது அப்பாவின் ரசனை என்று நினைத்திருந்தேன். அம்மாவிடம், "கத்தாத, ஆனா புரியுற மாதிரி பேசு" என்று அவர் எரிந்து விழுவது, நான் போனில் "பத்து மணிக்கு" என்றால் "எட்டு மணிக்கா?" என்பது, எல்லாம் வரிசையாக வந்து நின்றது. இத்தனை நாளும், "அந்த இரைச்சலுக்குள்ள என்னத்தக் கேக்க" என்பார். நாங்களும் சரி என்று விட்டுவிடுவோம். இப்போது இரைச்சல் இல்லை.

காது பரிசோதனைக்கு அவரைக் கூட்டிப்போக இரண்டு வாரமும் மூன்று சண்டையும் ஆயிற்று. அவருடைய அப்பா, என் தாத்தா, சங்கு குளித்தவர். கடைசிக் காலத்தில் ஒரு காது சுத்தமாகக் கேட்காது. "குளியாளுக்குத்தான் காது போவும், எனக்கென்ன?" என்பது அப்பாவின் வாதம். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். சில இடங்களில் அழுத்த மாட்டாரா என்று என் விரல் துடித்தது.

முடிவைத் தாளில் வரைந்து காட்டினார்கள். கனமான சத்தங்கள், 250, 500, 1,000 ஹெர்ட்ஸ் வரை, கோடு கிட்டத்தட்ட நேராக வந்தது. அதன் பிறகு படகுத்துறைப் பாலம் முடிகிற இடம்போல, 4,000-க்குப் பக்கத்தில் கடலில் இறங்கிவிட்டது. வருடக்கணக்கில் பெரிய சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு இப்படித்தான் விழும் என்றார் பரிசோதித்தவர். நாள் முழுக்க 85 டெசிபலுக்கு மேல் கேட்டாலே காதுக்கு ஆபத்து. மூடிய அறையில் டீசல் எஞ்சின் பக்கத்தில் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். உள்காதில் செத்துப்போன நுண்ணிய முடி செல்கள் திரும்ப முளைக்காது. உயிரெழுத்துகள் எல்லாம் கனமான பக்கத்தில் இருப்பதால் அவை நன்றாகக் கேட்கும். ச, த, க என்று சொல்லைப் பிரித்துக் காட்டும் சின்னச் சின்ன ஓசைகள்தான் மேலே இருக்கின்றன. அப்பாவுக்குத் தட்டும் பட்டும் கட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ட்ரெபிளைக் கடைசிவரை திருகி, தன் காதுக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அந்தக் கணக்குப்படி, இந்த வீட்டில் ஆம்ப்ளிஃபயரின் 'ம்ம்ம்' அவருக்குத்தான் எல்லோரையும் போலவோ அதைவிடவோ நன்றாகக் கேட்டிருக்கும்.

ஹியரிங் எய்டு வாங்கியாயிற்று. முதல் நாள் மாட்டிக்கொண்டு ஹாலில் வந்து உட்கார்ந்தார். பாட்டு எதுவும் போட வேண்டாம் என்று கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தவர் தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினார். பிறகு சுவரைப் பார்த்துக் கேட்டார்:

"ஏட்டி, இந்தக் கடிகாரம் எப்பருந்து சத்தம் போடுது?"